பிடி

கம்பளித் தொப்பிக்கு வடிவம் கொடுக்க
எனக்கு ஒரு சூப் சட்டி போதும்.
கவிழ்த்துப் போட்டால் அதுதான் தலை.
மரத்தில் கடைந்த தலைக்கட்டை வாங்க
லியபாயா டிராம் பணிமனையின் சம்பளம் காணாது.
வாரமெல்லாம் பயணச்சீட்டு எந்திரங்களைத் திறந்து
சில்லறை எண்ணுகிறேன்.
சனி ஞாயிறில்தான் தலைக்கு மேல் வேலை.

மூன்று வாரமாக ஒரு சாம்பல் நிறக் கூம்பு
ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கிறது.
என்னை என்னவாக ஆக்கப்போகிறாய் என்கிறது.
காதில் விழாததுபோல் நான் பீட்ரூட் நறுக்குகிறேன்.

தேடாமல் இல்லை.
மீன் கடையில் புகை போட்ட விலாங்கின் முதுகைப் பார்த்தேன்.
சந்தைக்குப் பக்கத்துத் தேவாலயக் கோபுரத்தை
அண்ணாந்து பார்த்ததில் கழுத்துதான் வலித்தது.
முட்டைக்கோஸை மடல் மடலாக உரித்து
மேசை முழுக்கப் பரப்பினேன்.
இமான்ட்ஸ் அதில் பாதியை எடுத்து வதக்கிவிட்டான்.
நூலகத்திலிருந்து பறவைகளைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று.
அழகழகான கொண்டைகள்,
ஒவ்வொன்றும் அதனதன் தலைக்கு
ஏற்கெனவே அளவெடுத்துத் தைத்தவை.

ஊசி பிடிபட்டது. நீராவி பிடிபட்டது.
விளிம்பை எவ்வளவு இழுத்தால் கிழியும் என்பது
இரண்டைக் கிழித்த பிறகு பிடிபட்டது.
இந்த ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை பொறுமை போயிற்று.
விடிகாலையில் அதைச் சட்டி மேல் இழுத்து,
விளிம்பை மட்டும் மடித்து,
ஈரம் காய்வதற்குள் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.
காற்று பிறக்கிற ஊர் இது என்பார்கள்.
கைக்குழந்தை எட்டியதைப் பிடுங்கும் அல்லவா,
பிடுங்கியது.

தொப்பி தண்டவாளத்தில் உருண்டது,
நின்றது, என்னைத் திரும்பிப் பார்த்தது,
மறுபடி உருண்டது.
மணியடித்தபடி டிராம் வந்துகொண்டிருந்தது.
ஓட்டுவது ஸ்கைட்ரீதே, என்னோடு தேநீர் குடிப்பவள்.
அவள் வாய் திறந்தது கண்ணாடிக்கு இப்பாலும் தெரிந்தது.

எதிர்ச்சாரியில் ஒருவன். துறைமுகத்து ஆள்,
ஆரஞ்சு நிறச் சட்டை, கையில் பாதி தின்ற ரொட்டி.
ரொட்டியைப் பல்லில் கவ்விக்கொண்டு பாய்ந்தான்.
ஒரே பிடி,
கோழியை அமுக்குவதுபோல உச்சியில்.

நீட்டினான்.
வாயில் ரொட்டி இருந்ததால் ஒன்றும் பேசவில்லை.
என் வாயில் எதுவும் இல்லை, நானும் பேசவில்லை.

அவன் போன பிறகுதான் பார்த்தேன்.
கட்டைவிரல் ஒரு பக்கம் ஆழமாக,
மற்றவை எதிர்ப்பக்கம் கோணலாக,
சுண்டுவிரல் இருந்த இடம் மட்டும் மேலோட்டமாக.
ஏதோ பழைய காயம் போலிருக்கிறது அந்த விரலுக்கு.
ஈரக் கம்பளி அதையும் விடாமல் வைத்திருந்தது.

பணிமனையில் யாரையும் தொடவிடவில்லை.
ஹீட்டர் பக்கத்து நாற்காலியைத் தொப்பிக்குக் கொடுத்துவிட்டு
நின்றபடி சில்லறை எண்ணினேன்.
இரவு ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும்
சாம்பல் நூலில் வெளியே தெரியாத ஒரு தையல்.
ரிப்பன் வைக்கவில்லை. இறகும் வைக்கவில்லை.

இமான்ட்ஸ் கை கழுவிக்கொண்டு வந்து
பள்ளங்களில் தன் விரல்களை வைத்துப் பார்த்தான்.
"யாருடையது?"
"தெரியாது" என்றேன். உண்மைதான்.
கொஞ்ச நேரம் கழித்து,
விளக்கை அணைக்கும்போது,
"பெரிய கை" என்றான்.

அதற்குப் பிறகு நானே
ஏழு தொப்பிகளை அப்படிப் பிடித்துப் பார்த்தேன்.
ஏழும் பிசைந்த மாவு.
சும்மா பிடிக்கிற கை எது என்று
கம்பளிக்குத் தெரிந்துவிடுகிறது.

இப்போது ஃபிரிட்ஜ் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு கூம்பு இருந்தது.
இன்று காலை அதைச் சட்டியில் இழுத்து,
ஈரத்தோடு மாட்டிக்கொண்டு
டிராம் நிறுத்தத்தில் நிற்கிறேன்.
தாடைக்கடியில் நாடா கட்டவில்லை.
ஸ்கைட்ரீதே தூரத்திலேயே மணியடிக்கத் தொடங்கிவிட்டாள்.
காற்றுக்கு இன்றைக்குப் பார்த்துச் சோம்பல்.